கபிரியேலுக்கு ஒரு பிடி

எங்கள் லயத்தில் சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் எழும்பி, அதோடு போதும் என்று நின்றுவிடும். வரிசையாக எட்டு வீடு, எட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. கட்டின துரை சிமெண்டு மிச்சம் பிடித்தானோ, தோட்டத்துக் கூலிகளுக்கு ரகசியம் எதற்கு என்று நினைத்தானோ, எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள். அதனால் பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் காலையில் அரிசி அளக்கும்போது, பால் டின் பானையின் அடியில் உரசுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். அதை வைத்தே அந்த வீட்டில் அரிசி எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒட்டுக்கேட்கிற புத்தி என்று என் வீட்டுக்காரர் சங்கையா திட்டுவார். காதை எங்கே கழற்றி வைப்பது?

எழுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில் எல்லா வீட்டு டின்னும் பானை அடியில்தான் உரசிக்கொண்டிருந்தது. மழையில் தேயிலைக் கொழுந்து குறைந்து, வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ரேஷன் கடையில் அரிசி பாதியாகிவிட்டது. மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து அரிசி சுமந்து வருகிற பெண்களை எல்லையில் குமுளி செக்போஸ்டில் இறக்கிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தப்பி வந்த அரிசிக்கு அவர்கள் சொன்னதுதான் விலை.

ஆளுக்கு ஒரு விதமாகச் சிக்கனம் பிடித்தோம். பாலில்லாத கட்டன் சாயாவில் சீனி போய்க் கருப்பட்டி வந்தது. பிறகு கருப்பட்டியையும் கரைக்கிறதில்லை. ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாயாவை அதன்மேல் விடுவது. கடைசியில் உப்புப் போட்டுக் குடித்தோம். தீப்பெட்டி வாங்குவதை நிறுத்தினோம். யார் வீட்டு அடுப்பு முதலில் எரிகிறதோ அங்கே போய்ச் சிரட்டையில் நெருப்பு வாங்கிக்கொண்டோம். தலைக்கு எண்ணெய் இல்லாமல் லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் செம்பட்டை முடி. சங்கையா பீடியை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, பாதி பீடிதான் குடிக்கிறேன் என்று சொல்லி இரண்டு பாதியையும் குடித்தார்.

நானும் கத்தரீனாளும் செய்ததுதான் லயத்திலேயே பெரிய சாமர்த்தியம். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரின் உச்சியில் ஒரே ஒரு சிமினி விளக்கை வைத்தோம். வெளிச்சம் இந்தப் பக்கமும் விழும், அந்தப் பக்கமும் விழும். ஒரு நாள் அவள் சீமெண்ணெய், மறுநாள் என்னுடையது. விளக்கின் கீழே சுவரோரமாக மட்டும் இருட்டு கட்டிக் கிடக்கும். இரண்டு குடும்பமும் அந்த இருட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கப்பக்கிழங்கு தின்றோம்.

அந்த வீட்டில் மூன்று பேர். கத்தரீனாள் என்னோடு கொழுந்து எடுக்கிறவள். அவள் புருஷன் சுவக்கீன், லயங்களுக்குத் தண்ணீர் வருகிற குழாயைப் பார்க்கிற வேலை. மேட்டில் டாங்கி என்று சொல்கிற தொட்டியில் இலை தழை அடைத்தால் எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கத் தனியாகத்தான் திரிவான். அதிகம் பேசாத மனுஷன். மகள் சந்தனமேரிக்கு ஏழு வயது. அவளுக்கு மூத்தவன் கபிரியேல் மஞ்சக்காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது வயதுப் பையன். இந்தத் தோட்டத்தில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுடையது மட்டும் எனக்கு ஆறவே இல்லை. தன் தட்டைத் தானே கழுவி, கவிழ்த்து, காக்கை தட்டிவிடாமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

அவர்கள் வேதக்காரர்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி திரும்ப எடுத்துச் சின்ன மண்கலயத்தில் போட்டுவைப்பார்கள். செத்தும் மோட்சம் போய்ச் சேராமல் நடுவழியில் நிற்கிற ஆத்துமாக்களுக்காக அது. மாதம் ஒருமுறை சாமியார் மலையேறி வரும்போது கோயில் சாக்கில் கொட்டிவிடுவார்கள். அவர் பூசை வைப்பார், அரிசி எங்கேயோ இருக்கிற ஏழைகளுக்குப் போகும். எங்களுக்கு மாரியம்மன் கூழ் போல என்று நான் வைத்துக்கொண்டேன். ஆனால் கத்தரீனாள் அந்தப் பிடியை எடுக்கும்போதெல்லாம் மகளிடம், "இது அண்ணன் சோறு" என்பாள். பிள்ளையைத் தேற்றச் சொன்னாளோ தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாளோ, தினமும் காலையில் அந்தச் சொல் சுவரைத் தாண்டி என் அடுப்படிக்கு வரும்.

ஒரு நாள் காலை டின் உரசியது. அதன்பின் அந்தச் சொல் வரவில்லை. சுவக்கீனின் குரல்தான் வந்தது.

"செத்தவன் பசி தாங்குவாம்ட்டி. இருக்கிறவ தாங்குவாளா? அதையும் உலையில போடு."

பிறகு கலயத்தைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம்.

"எம்மா, அப்ப அண்ணன் என்னத்தச் சாப்பிடுவான்?" என்றாள் சந்தனமேரி.

"அண்ணனுக்குச் சேசுசாமி குடுப்பாரு."

"சேசுசாமி வீட்டுலயும் அரிசி வெலதான?"

இந்தப் பக்கம் நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அன்று கொழுந்து எடுக்கும்போது கத்தரீனாள் மெதுவாகச் சொன்னாள்: "ஆத்துமா அரிசியப் பொங்கித் தின்னுட்டோம்க்கா. தொண்டைக்குழி தாண்ட மாட்டேங்குது."

"பெத்த பிள்ள பேரால எடுத்தது, பெத்த பிள்ள வயித்துக்குத்தான் போகுது. பாவம் வந்தா எம்மேல வரட்டும்" என்றேன். நான் அப்படித்தான், யாரும் கேட்காமலே மற்றவர்கள் பாவத்தை வாங்கிக்கொள்வேன்.

அந்த வீட்டில் அப்புறம் அரிசி ஒரு வேளைக்குத்தான். அதுவும் பிள்ளைக்கு மட்டும். காலையில் கொஞ்சம் சோறு வடித்து மூடிவைத்துவிட்டுக் கத்தரீனாள் வேலைக்கு வருவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளி விட்டதும் சந்தனமேரி வீட்டுக்கு வந்து அதைச் சாப்பிட வேண்டும். பெரியவர்களுக்குக் கிழங்கும் கஞ்சித் தண்ணியும். அந்தக் கிழங்கையும் சுவக்கீன் ராத்திரியில் பாதி தள்ளிவிடுவான். "டாங்கிப் பக்கம் கெழங்கு சுட்டுத் தின்னுட்டேன், வயிறு திம்முன்னு இருக்கு" என்பான். எனக்கு அது பொய் என்று குரலிலேயே தெரியும். சங்கையாவும் இப்படி ஒரு நாளாவது பொய் சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

ஆடி நடுவில் சந்தனமேரியின் கை மெலிந்தது. கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிற்று. மத்தியானம் சாப்பிட்டாயா என்றால், "சாப்பிட்டேன்" என்பாள். சட்டி காலியாகத்தான் இருந்தது. சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்து விறகை உலர்த்திக்கொண்டிருக்கும்போது அவள் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். யாரிடமோ பேசுகிற குரல். கத்தரீனாள் வெளியே குழாயடியில் நிற்பாள், சுவக்கீன் வந்திருக்க மாட்டான். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"இன்னைக்குக் கொஞ்சந்தான் இருந்துச்சு. நாளைக்கு நெறைய கொண்டாறேன், என்ன?"

பதிலுக்கு நிற்கிற மாதிரி ஒரு இடைவெளி விடுவாள். பிறகு "சரி" என்பாள். எனக்கு மழைக்குளிரோடு வேறு ஒரு குளிரும் சேர்ந்துகொண்டது. எழுந்துபோய் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாய் பேசுகிற அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரீனாள் கல்லறைத் தோட்டத்துக்குப் புல் பிடுங்கப் போனாள். தொட்டிக்குப் போகிற பாதைக்குக் கீழே, தேயிலை முடிகிற இடத்தில் இருக்கிறது அது. போனவள் ஓடி வந்து என் வாசலில் விழுந்தாள். தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன்.

"அவன் தட்டுக்கா. டிரங்குப் பெட்டியில வச்சிருந்தது. அங்கன இருக்கு. குழிமேட்டுல, சிலுவைக்குக் கீழ. கழுவிக் கவுத்தி, மேல கல்லு வச்சிருக்கு."

அவள் வீட்டில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். கபிரியேலின் சட்டை இருந்தது, சிலேட்டு இருந்தது. நீல விளிம்பு வைத்த அந்த எனாமல் தட்டு இல்லை. சந்தனமேரி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு எங்கட்டி?" என்றாள் கத்தரீனாள்.

"அண்ணன் தட்டு அண்ணன்கிட்டதான இருக்கும்" என்றாள் பிள்ளை. பயமும் இல்லை, விளையாட்டும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அன்று விளக்கு வைத்தபின் கத்தரீனாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் பேசினாள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். "அவன் பசியோட அலையுதான்க்கா. நான் அவன் சோத்த நிறுத்திட்டேன்ல. அதான் தங்கச்சி ஒடம்புலருந்து எடுத்துக்கிறான். மொதல்ல சோறு, பெறகு அவளையே கூட்டிட்டுப் போயிருவான்."

"ஏ புள்ள, கபிரியேலா அப்படிச் செய்வான்? தங்கச்சி அழுதா தன் மிட்டாயப் பிடுங்கிக் குடுக்கிற பய."

"அப்ப இருந்தவன் வேறக்கா. பட்டினி கெடந்தா ஆரும் மாறித்தான் போவாக."

அந்த வருஷம் நாங்கள் எல்லாரும் மாறித்தான் போயிருந்தோம்.

அதே வாரம் சந்தனமேரி பள்ளியில் மயங்கி விழுந்தாள். டிஸ்பென்சரியில் மலையாளக் கம்பவுண்டர் இமையை விலக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார். "ஒரு நோயும் தீனமும் இல்லா. இது பட்டினி. சோறு கொடுக்கணும். இப்படியே விட்டால் இந்த மழைக்காலம் தாண்டாது" என்றார். கத்தரீனாள் அவரை அடித்துவிடுவாள் போல நின்றாள். வீட்டில் இருக்கிற அரிசி முழுக்க இவளுக்குத்தானே போகிறது? திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "உட்டுருய்யா, கபிரியேலு, இவள உட்டுரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. நாளைக்கு மத்தியானம் பிள்ளை சோற்றை என்ன செய்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிடலாம், ஆவியோ பூதமோ அதற்கு அப்புறம் என்றேன். அரை நாள் கூலி போகும். போகட்டும்.

மறுநாள் உச்சிப்பொழுதில் மஞ்சு இறங்கியிருந்தது. எங்கள் பக்கம் மூடுபனியை அப்படித்தான் சொல்வோம். இறங்கிவிட்டால் நாலு செடிக்கு அப்பால் மலையே கிடையாது. நாங்கள் இருவரும் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் குத்தவைத்திருந்தோம். பள்ளி மணி அடித்தது. சந்தனமேரி வந்தாள், வீட்டுக்குள் போனாள், உடனே வெளியே வந்தாள். கையில் ஒரு சேம்பிலைப் பொட்டலம். மழை படாமல் அதன்மேல் குனிந்துகொண்டே நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

கல்லறைத் தோட்டத்தில் அவள் நேராகக் கபிரியேலின் சிலுவைக்குப் போனாள். கல்லை எடுத்தாள், தட்டை நிமிர்த்தினாள், சோற்றை அதில் வைத்து இலையாலேயே மூடினாள். விரலில் ஒட்டிக்கொண்ட பருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் தட்டிலேயே தட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பாதையில் மஞ்சுக்குள் போய்விட்டாள்.

கத்தரீனாள் எழுந்து ஓடப் பார்த்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பிள்ளை வைக்கிறாள், சரி. தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது யார்?

கொஞ்ச நேரம் மழைச் சொட்டு மட்டும் இலையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மேட்டுப் பக்கம் சேறு மிதிபடுகிற சத்தம் கேட்டது. மஞ்சுக்குள்ளிருந்து ஒரு உருவம் வந்தது. தலைவழியாகச் சாக்கு போர்த்தி, கூனிக் குறுகி, சின்னதாகத் தெரிந்தது. அது நேரே சிலுவையின் முன்னால் வந்து மண்டியிட்டது. கத்தரீனாளின் நகம் என் கையில் இறங்கியது. "எஞ் சாமி, வந்துட்டியா" என்றாள், மூச்சுக்குள்ளே.

உருவம் சாக்கைப் பின்னால் தள்ளியது. சுவக்கீன்.

அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "அப்பன் எடுத்துக்கிடுதேன்ய்யா. கோவிச்சுக்காத" என்று சிலுவையைப் பார்த்துச் சொன்னான். பிறகு தின்றான். அப்படிச் சாப்பிடுகிற மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாயை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் ஊட்டிக்கொண்டான். முடித்ததும் வாய்க்காலில் தட்டைக் கழுவினான், கவிழ்த்தான், மேலே கல்லை வைத்தான். கபிரியேல் அந்தப் பழக்கத்தை யாரிடம் படித்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கத்தரீனாள் எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். அவன் திடுக்கிட்டான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நீதான இந்தச் சோத்த வைக்கே?" என்றான். "நான் வேணாம்னு சொல்லியும் நீ ஒளிச்சு வைக்கேன்னு நெனச்சேன். மொத நாளு எடுக்கல. மறுநாளு நாயி வந்து நின்னுச்சு. நாயி திங்கிறத... எம் புள்ள பேருக்கு வச்சத..." "பசிச்சுதுட்டி" என்றான் கடைசியில்.

"நான் வைக்கல. அது உம் மவ சோறு. அவ மத்தியானச் சோறு."

சுவக்கீன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வாய்க்குள் விரலை விட்டுக் குமட்டினான். தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிட முடியும் என்று நினைத்தானோ என்னவோ. கத்தரீனாள் அவனைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நான் பார்த்தேன். அவள் அவன் கையைப் பிடித்து வாயிலிருந்து எடுத்தாள். ஈரத் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பிக்கொண்டேன். எல்லாவற்றையும் பார்த்துத்தான் தீர வேண்டும் என்று எனக்கும் ஒன்றும் இல்லை.

பிள்ளைக்கு இது தெரியவே கூடாது என்று வழியில் பேசி முடிவு செய்தோம். அண்ணன் சாப்பிட்டான் என்றே இருக்கட்டும், இனிமேல் வேண்டாம் என்றும் அவனே சொன்னதாக இருக்கட்டும். என் பானையிலிருந்து இரண்டு டின் அரிசியைச் சுவர் மேலாகக் கொடுத்தேன். சங்கையா கேட்டால் எலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்று என் எண்ணெய் முறை. விளக்கைச் சுவர் உச்சியில் வைத்துவிட்டு, கூடவே நானும் அடுக்குப்பலகையில் ஏறி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று தட்டிலும் சோறு. சுவக்கீன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். குரலைச் சரிப்படுத்த அவனுக்கு நேரம் பிடித்தது.

"இன்னைக்கு டாங்கிக்குப் போறப்ப அண்ணனப் பாத்தேம்மா. அவனுக்கு வயிறு நெறஞ்சு போச்சாம். பசியே இல்லியாம். இனிமே நீ கொண்டார வேணாம்னு சொன்னான். நீதான் சாப்பிடணுமாம்."

சந்தனமேரி அப்பாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் அன்று அழாமல் இருந்தவள்.

"அண்ணனுக்குத்தான் எப்பவுமே பசிக்காதே" என்றாள். "அண்ணந்தான் சொன்னான், அப்பாவுக்குப் பசிக்குது, கேட்க மாட்டாரு, இங்கன கொண்டாந்து வையின்னு."

விளக்குத் திரி ஒருமுறை பொரிந்து அடங்கிற்று. சுவக்கீன் மெதுவாகத் தலையைத் திருப்பி, விளக்குக்குக் கீழே சுவரோரம் கட்டிக் கிடந்த இருட்டைப் பார்த்தான். கத்தரீனாளும் பார்த்தாள். மேலேயிருந்து எனக்கு அந்த இடம் தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் நான் துணியவில்லை.

"அண்ணன் இப்ப என்ன சொல்லுதான்?" என்றான் சுவக்கீன்.

பிள்ளை ஒரு கணம் காது கொடுத்தாள். "சாப்பிடச் சொல்லுதான்."

சுவக்கீன் கையைச் சோற்றில் வைத்தான். மகள் முதல் கவளத்தை எடுக்கும்வரை காத்திருந்து, பிறகு அவனும் எடுத்தான்.

மறுநாள் காலை டின் உரசுகிற சத்தம் கேட்டது. அதன்பின் ஒரு பிடி அரிசி கலயத்தில் விழுகிற சத்தம். நானும் உலை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆத்துமா நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்தேன். யாருக்கு என்று சங்கையா கேட்டார். பேசாமல் பீடியைக் குடியும் என்றேன்.